கொண்டையும் வாலும் இல்லாத எழுத்து

போர்டு எழுதும் தொழிலில் உள்ள பெரிய தொல்லை, வாசிக்கத் தெரிந்த எல்லோரும் தங்களுக்கு எழுதவும் தெரியும் என்று நினைத்துக்கொள்வதுதான். தையல்காரரிடம் போய் ஊசியை இப்படிப் பிடி என்று யாரும் சொல்வதில்லை. ஆனால் ஏணியில் நிற்கிறவனை அண்ணாந்து பார்த்து, அந்த ‘க’ கொஞ்சம் குண்டாய்ப் போச்சே என்று ரோட்டில் போகிற யாரும் சொல்லலாம். நாலு பேர் கண்ணுக்கு முன்னால் வேலை செய்து பிழைக்கிறவராக நீங்கள் இருந்தால் இந்த அவஸ்தை உங்களுக்கும் தெரியும். உங்களை நம்பித்தான் இதை எழுதுகிறேன்.

அறுபதுகளின் நடுவில், இலங்கை மலைநாட்டில், பதுளைக் கடைத்தெருவுக்குப் பின்னால் ஓர் அறையை, எங்கள் பேச்சில் காம்பராவை, வாடகைக்கு எடுத்துத் தொழிலைத் தொடங்கினேன். அப்போதெல்லாம் போர்டு என்றால் எழுத்துக்குக் கொண்டை வேண்டும், வால் வேண்டும், சிவப்புக்குப் பின்னால் கறுப்பில் நிழல் விழ வேண்டும். நானும் அப்படித்தான் எழுதிக்கொண்டிருந்தேன். இது ஒன்றுமே இல்லாத ஓர் எழுத்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்ட பிறகு நடந்தவற்றில் சில இவை.

மெஷினோடு வந்தது

தெமோதரைப் பக்கம் ஒரு தோட்டத்து ஸ்டோருக்கு (தேயிலைத் தொழிற்சாலையை எங்கள் ஆட்கள் அப்படித்தான் சொல்வார்கள்) வெளிநாட்டிலிருந்து கொழுந்து காயவைக்கும் புது மெஷின் வந்திருந்தது. அதில் எச்சரிக்கைகளை மூன்று பாஷையிலும் எழுத வேண்டும் என்று ஸ்டோருக்குப் பொறுப்பான டீமேக்கர் ஐயா ஆள் அனுப்பினார். அவர் யாழ்ப்பாணத்துக்காரர், எதையும் ஒரு தடவைக்கு மேல் சொல்லமாட்டார். மெஷினோடு வந்த புத்தகத்தை என் முன்னால் வைத்து, இங்கிலீஷ் இதே மாதிரி இருக்க வேண்டும், தமிழும் சிங்களமும் இதற்குப் பக்கத்தில் நின்றால் ஒரே வீட்டுப் பிள்ளைகள் மாதிரித் தெரிய வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

புத்தகத்தின் அட்டையைப் பார்த்தேன். எழுத்துகளுக்குத் தலையில் கொண்டை இல்லை, காலில் பாதம் இல்லை. தடிப்பும் மெலிசும் இல்லாமல் ஒரே சீராகக் கோடு. அரை நாள் வேலை என்று நினைத்துத்தான் பெயின்ட் டின்னைத் திறந்தேன். ‘ஸ்டாப்’ என்ற இங்கிலீஷ் சொல்லை எழுதினால் நடுவில் உள்ள ‘ஓ’ மட்டும் சூம்பிப்போய்த் தெரிந்தது. அடிக்கோலை வைத்துப் பார்த்தேன், உயரம் சரியாகத்தான் இருந்தது. துடைத்துவிட்டு மறுபடி எழுதினேன். மறுபடியும் சூம்பல். ஒன்றரை நாள் இப்படிப் போன பிறகு ஸ்டோர் மெக்கானிக்கிடம் நுணுக்கமாக அளக்கிற கேலிப்பரை இரவல் வாங்கி அந்த அட்டை எழுத்துகளையே அளந்தேன். வட்ட எழுத்துகள் மேல்கோட்டையும் கீழ்க்கோட்டையும் ஒரு மயிரிழை தாண்டி நின்றன. படுக்கைக் கோடு, நிற்கிற கோட்டைவிடக் கொஞ்சம் மெலிசாக இருந்தது. எல்லாம் ஒரே அளவு என்று என் கண்ணை நம்பவைக்க, எங்கோ ஒரு மனிதர் எதையுமே ஒரே அளவில் போடாமல் உட்கார்ந்து வரைந்திருக்கிறார்.

பிறகு தமிழுக்கு வந்தேன். ‘எண்ணெய்’ என்று எழுத வேண்டும். ‘ண’வுக்கு மூன்று சுழி, அதுவும் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு ‘ண’. ஒரே தடிப்பில் போட்டால் சுழிக்குள் இருக்கிற வெளியெல்லாம் அடைத்துக்கொண்டு, கறுப்பு உளுந்து வடை மாதிரி வந்தது. கோடும் கோடும் சேருகிற இடத்தில் மட்டும் பிரஷை லேசாக்கினேன். உள்ளே வெளிச்சம் வந்தது. நாலாம் நாள் டீமேக்கர் ஐயா வந்து கையைப் பின்னால் கட்டிக்கொண்டு மெஷினைச் சுற்றி நடந்தார். ஒவ்வொரு சொல்லையும் வாசித்தார். நான் மயிரிழைக் கதையைச் சொல்வதற்கு வாயைத் திறந்தபோது அவர் சொன்னார்: “நாலு நாள் எடுத்தனீர். ஆனா ஒண்டுமே செய்யாத மாதிரியெல்லோ கிடக்கு.”

ஹாஜியார் கடை

புதிதாக ஒன்றைக் கற்றுக்கொண்டவன் அதை எல்லா இடத்திலும் காட்டிவிட்டுத்தான் ஓய்வான். அடுத்து என்னிடம் அகப்பட்டவர் பதுளை பஜாரில் துணிக்கடை வைத்திருந்த ஹாஜியார். பழைய போர்டு மழையில் உரிந்துபோய்விட்டது, புதிதாக எழுதித் தாருங்கள் என்று மட்டும் கேட்டிருந்தார். எப்படி எழுத வேண்டும் என்று சொல்லவில்லை. சொல்லாததை நான் அனுமதி என்று எடுத்துக்கொண்டேன்.

வெள்ளைப் பலகையில் கருநீலத்தில், ஒரு நெளிவு சுளிவு இல்லாமல், மூன்று பாஷையிலும் எழுதினேன். தெருவின் அந்தக் கோடியிலிருந்தே வாசிக்க முடிந்தது. ஒரு போர்டு அவ்வளவு தூரத்துக்குப் பேசி நான் அதுவரை பார்த்ததில்லை. ஹாஜியார் மத்தியான லுகர் தொழுகை முடிந்து வந்தவர், தொப்பியைச் சரிசெய்துகொண்டு தெருவின் நடுவில் நின்று பார்த்தார். ஒரு பஸ் ஹார்ன் அடித்தும் நகரவில்லை. இது வெளிநாட்டு மெஷின்களுக்குப் போடுகிற எழுத்து, சுத்தமானது, தூரத்துக்குத் தெரியும் என்று நான் விளக்கினேன். கடைசிவரை பொறுமையாகக் கேட்டார். அன்று சாயங்காலமே சிவப்பு நிழலும் மஞ்சள் ஓரமும் வைத்துக் கொடுத்தேன். அவர் சொன்னது இவ்வளவுதான்: “சுத்தமாத்தான் இரிக்கி தம்பி. ஆனா எழுத்தெல்லாம் உடுப்பில்லாம நிக்கிது. நான் துணி விக்கிற மனுசன்.”

இரண்டு அடிக்கோல்கள்

பண்டாரவளை ரோட்டில் ஒரு சின்னக் கிளினிக். தாய்மாரும் கைக்குழந்தைகளும் வருகிற இடம். அங்கே இரண்டு கிளார்க்குகள் இருந்தார்கள், ஒருவர் சிங்களவர், ஒருவர் தமிழர். இருவரும் நல்ல சிநேகிதர்கள், ஒரே பார்சலைப் பிரித்துச் சாப்பிடுகிறவர்கள். நான் போர்டை எழுதத் தொடங்கியதும் ஆளுக்கொரு அடிக்கோலை எடுத்துக்கொண்டு வந்து நின்றார்கள்.

அவர்களைக் குறை சொல்லவும் முடியாது, ஏனென்றால் சிக்கல் உண்மையிலேயே இருந்தது. சிங்கள எழுத்துக்கு மேலேயும் கீழேயும் குறிகள் வரும். அவற்றையும் சேர்த்து உயரத்தைக் கணக்கிட்டால் எழுத்தின் உடம்பு சிறுத்துவிடும். உடம்பைச் சமமாக வைத்தால் குறிகள் கோட்டைத் தாண்டும். தமிழ்ச் சொல்லோ ரயில் மாதிரி நீளும். அதைப் பலகைக்குள் அடக்க எழுத்தை நெருக்கினால், தமிழை ஒடுக்கிவிட்டீர்கள் என்று தோன்றும். இங்கிலீஷில் ஒரே ஒரு குட்டிச் சொல், அது பாதி வரியை வெறுமையாக விட்டுவிட்டுச் சௌகரியமாக உட்கார்ந்திருந்தது. இரண்டு நாள் அளந்தோம். மூன்றும் ஒரே ஆளின் குரலில் பேசுகிற மாதிரி வரும்வரை அழித்தேன், எழுதினேன். கடைசியில் இரண்டு அடிக்கோல்களும் திருப்தியடைந்து மேசைக்குள் போயின. எனக்கும் பெருமைதான்.

போர்டை ஆணியடித்து முடித்தபோது, கைக்குழந்தையோடு மலையேறி வந்த ஒரு பெண் வாசலில் நின்றார். கட்டடத்தில் இரண்டு கதவுகள் உண்டு. ஒன்று ஆபீசுக்கு, ஒன்று டாக்டரிடம் போவதற்கு. குழந்தைக்குக் காய்ச்சல் என்பது முகத்திலேயே தெரிந்தது. அவர் போர்டை மேலிருந்து கீழ்வரை நிதானமாக வாசித்தார், இரண்டு கதவையும் பார்த்தார், பிறகு எங்கள் மூவரையும் பார்த்து, “எல்லாம் எழுதியிருக்கீங்க, எந்தப் பக்கம் போறதுன்னு மட்டும் எழுதலையேங்க,” என்றார்.

சாந்தமான விஷம்

இதைச் சொல்ல எனக்கு இப்போதும் கொஞ்சம் கூச்சம்தான். பூனாகலைப் பக்கத்து ஒரு தோட்டத்தில், களைக்கு அடிக்கிற மருந்து டின்களில் ‘விஷம்’ என்று எழுதச் சொன்னார்கள். நானும் என் புது எழுத்தில், வெள்ளைப் பட்டியில் கறுப்பாக, நடுவில் அளந்து வைத்து அழகாக எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

சில வாரம் கழித்து அதே தோட்டத்து ஸ்டோர்க் கதவுக்குப் பெயின்ட் அடிக்கப் போயிருந்தபோது மலையிலிருந்து கூச்சல் கேட்டது. செல்லம்மா என்று ஒரு கொழுந்து பறிக்கிற பெண், தூக்கிப்போட்டிருந்த காலி டின் ஒன்றைக் கழுவி, அதில் தேத்தண்ணி ஊற்றி மலைக்குக் கொண்டுபோயிருக்கிறார். வாயில் வைக்கப் போன நேரம் கங்காணி பார்த்துக் கையோடு தட்டிவிட்டிருக்கிறார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. கண்டாக்கையா (மலை வேலையைப் பார்க்கிற உத்தியோகத்தரை அப்படிச் சொல்வோம்) அவரை ஸ்டோர் வாசலுக்குக் கூட்டி வந்து, எழுத்து வாசிக்கத் தெரியாதா என்று கேட்டார். தோட்டப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்புவரை படித்தவர் செல்லம்மா. தெரியாது என்று அவர் சொல்லியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அன்றைக்கே அந்த டின்களையெல்லாம் திரும்ப வாங்கி, சிவப்பில், கோணலாக, மண்டையோடு போட்டு, பார்த்தவர் இரண்டடி தள்ளி நிற்கிற மாதிரி எழுதினேன். செல்லம்மா கண்டாக்கையாவிடம் சொன்ன பதில் இதுதான்: “வாசிச்சேங்க. விஷம்னுதான் இருந்துச்சு. ஆனா ரொம்ப சாந்தமா இருந்துச்சுங்க, அதான் தீந்துபோன விஷம்னு நெனச்சிட்டேன்.”

ஒரே மாதிரி நாற்பது பெட்டி

எழுபதுகளின் தொடக்கத்தில், இரண்டு அரசாங்கங்களும் செய்துகொண்ட ஒப்பந்தப்படி இந்தியாவுக்குப் போகிறவர்களுக்கு வரிசையாகப் பாஸ்போர்ட் வந்தது. ஒரு தோட்டத்திலிருந்து நாற்பது குடும்பம் ஒன்றாகப் புறப்பட்டது. பெரட்டுக்களத்தில், காலையில் பெயர் கூப்பிட்டு வேலை பிரிக்கிற அந்த இடத்தில், தகரப் பெட்டிகளை வரிசையாக வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்கள். ஒவ்வொன்றிலும் குடும்பத் தலைவர் பெயர், நம்பர், போய்ச் சேருகிற இடம். பெயின்ட் தட்டுப்பாடான காலம். ஒரு டின் வெள்ளையைத் தண்ணீர் மாதிரி நீட்டி நீட்டி எழுதினேன். வேகமாக எழுதவும், ரயிலிலும் கப்பலிலும் ஆபீசர்மார் சட்டென்று வாசிக்கவும் அந்த எழுத்தைவிடத் தோதானது வேறில்லை. மத்தியானத்துக்குள் நாற்பது பெட்டியும் சிப்பாய்கள் மாதிரி நின்றன.

மாரியாயி என்று ஒருவர், நாற்பது வயதிருக்கும், வரிசைக்கு முன்னால் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடந்துகொண்டே இருந்தார். என்ன தேடுகிறீர்கள் என்று கேட்டேன். தன் பெட்டியைத் தேடுவதாகச் சொன்னார். புருஷன் பெயர் சின்னையா. களத்தில் மூன்று சின்னையா இருந்தார்கள், பெயருக்கு முன்னால் வரும் தலையெழுத்து மட்டும்தான் வேறு. எடுத்துக் காட்டினேன். தனக்கு எழுத்து தெரியாது என்றும், முன்னால் போன ஒரு குடும்பம் அக்கரையில் இறங்கிப் பெட்டியைத் திறந்தபோது உள்ளே வேறு யாருடைய குழந்தைத் துணியோ இருந்ததாகக் கடிதம் வந்திருக்கிறது என்றும் சொன்னார். மூலையில் ஒரு பூ வரைந்து தருகிறேன் என்றேன். யோசித்துப் பார்த்துவிட்டு, பெயின்ட் உரிந்துபோகும், அதுவுமில்லாமல் எனக்கு வரைந்தால் எல்லோரும் கேட்பார்கள், அப்போது நாற்பது பெட்டியிலும் பூ இருக்கும் என்றார். கணக்கு சரிதான்.

அவருடைய அண்ணன் களத்து ஓரத்தில் நின்றார். அவருக்கு இங்கேயே பிரஜாவுரிமை கிடைத்திருந்தது, அதனால் அவர் குடும்பம் போகவில்லை. மாரியாயி அவரைக் கூப்பிட்டு, மம்பட்டியின் பின்பக்கத்தால் பெட்டியின் மூலையில் ஓங்கி ஒரு அடி அடிக்கச் சொன்னார். புதுப் பெட்டியை எப்படி நசுக்குவது என்று அவர் தயங்கினார். தங்கை மறுபடி சொன்னதும் அடித்தார். ஒரே அடி, களம் முழுக்கக் கேட்டது. பிறகு மம்பட்டியைக் கீழே போட்டுவிட்டு அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். மாரியாயி குனிந்து அந்தப் பள்ளத்தை விரலால் தடவிப் பார்த்தார். நான் பிரஷைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். என் மனம் நோகக்கூடாது என்று நினைத்தாரோ என்னவோ, நிமிர்ந்து என்னிடம் சொன்னார்: “ஒங்க எழுத்து ஆபீசருக்குங்க. இது எங்கண்ணன் எழுதுனது, எனக்கு இதுதான் வாசிக்க வரும்.”

வால் முளைத்த கியூ

அந்த மெஷின் புத்தகத்தின் அட்டையில் ‘கியூ’ என்ற இங்கிலீஷ் எழுத்து இல்லை. உள்ளேயும் தேடினேன், பெரிய அளவில் எங்கேயும் இல்லை. வேறு எந்தத் தொழிலிலும் அது பெரிய நஷ்டமாக இருந்திருக்காது. தோட்டங்களிலோ ‘குவார்ட்டர்ஸ்’ என்ற சொல் இல்லாமல் ஓர் உத்தியோகத்தர் வீடு கிடையாது. வேறு வழியில்லாமல் ஒரு கியூவை நானே கற்பனை செய்தேன். வட்டத்துக்குக் கீழே ஒரு வால், அது அடுத்த எழுத்துக்கு அடியில் போய்ப் பூனை வால் மாதிரி லேசாகச் சுருண்டிருக்கும். எங்கள் ஊவா மாகாணத்தில் எத்தனையோ வாசலில் அந்தப் பூனை வாலை எழுதிவிட்டேன்.

பத்து வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கும். வெளிநாட்டுச் சாமான் தாராளமாக வரத் தொடங்கிய பிறகு பண்டாரவளையில் ஒரு புத்தகக் கடையில் தேய்த்து ஒட்டுகிற எழுத்துத் தாள் ஒன்றைப் பார்த்தேன். பார்த்தவுடன் தெரிந்துவிட்டது, என் எழுத்து. தலைப்பில் ஹெல்வெட்டிக்கா என்று பெயர் போட்டிருந்தது. சுவிட்சர்லாந்துக்குப் பழைய காலத்தில் இருந்த பெயரிலிருந்து வந்ததாம், கடைக்காரர் சொன்னார். இத்தனை வருஷம் பெயர் தெரியாமல் ஒருவரோடு குடித்தனம் நடத்திவிட்டுத் திடீரென்று பெயரைக் கேட்ட மாதிரி இருந்தது. நேராகக் கியூவைத் தேடினேன். வால் என்று ஒன்றுமில்லை. வட்டத்தின் ஓரத்தில் கத்தியால் கீறின மாதிரி ஒரு குட்டைக் கோடு, அவ்வளவுதான்.

எனக்குத் தூக்கம் வரவில்லை என்று சொன்னால் சிரிக்காதீர்கள். தப்பாக எழுதியதைத் திருத்தாமல் விட்டால் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். முதலில் எழுதிய வீட்டுக்கே போனேன், ஒரு கண்டாக்கையாவின் குவார்ட்டர்ஸ். அவர் மலைக்குப் போயிருந்தார், மனைவி மட்டும் இருந்தார். தாளை விரித்துக் காட்டி, சரியான கியூ இதுதான், பத்து நிமிஷத்தில் அந்த வாலை வெட்டிவிடுகிறேன் என்றேன். அவர் தாளைப் பார்த்தார், வாசலில் போர்டைப் பார்த்தார், மறுபடி தாளைப் பார்த்தார். நான் ஏணியை நிமிர்த்தப் போனபோது தடுத்துவிட்டார்: “எங்க வீட்டு எழுத்து நல்லாத்தான் இருக்குங்க. சரியான எழுத்த வேற வீட்டுக்கு எழுதுங்க.”

மருதமுத்துவின் பெயர்

மருதமுத்து பதுளையில் ஒரு சந்துக்குள் சலூன் வைத்திருந்தவர். நான் அவரிடம்தான் முடி வெட்டுவேன். நாற்காலியில் உட்கார்ந்ததும் என் எழுத்தைப் பற்றித்தான் பேசுவேன், அவரும் கத்தரிக்கோலை நிறுத்தாமல் கேட்பார். இந்த எழுத்து யாருக்கும் நிறம் பூசாது, எந்தப் பக்கமும் சாயாது, மூன்று பாஷையையும் ஒரே தராசில் வைக்கும் என்று அவரிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில் கலவரம் வந்தது. கடைத்தெருவில் தமிழர் கடைகள் பல எரிந்தன. நானும் பல நாள் ஏணியை வெளியே எடுக்கவில்லை. மருதமுத்துவின் நாற்காலிகளை உடைத்து, போர்டையும் கழற்றித் தெருவில் போட்டிருந்தார்கள். அவரும் குடும்பமும் தப்பித்துக்கொண்டார்கள். ஊர் அடங்கி, இரண்டு நாற்காலியை இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டு அவர் மறுபடி கடையைத் திறந்தபோது என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். போர்டில் பெயர் வேண்டாம், மூன்று பாஷையிலும் ‘சலூன்’ என்று மட்டும் போதும் என்றார். அளந்து கோடு போட்டேன், பெயின்ட்டைக் கலக்கினேன்.

அவர் வாசற்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். ‘ச’ போட்டு முடித்திருப்பேன், சாதாரணமாக ஒன்று கேட்டார். “எந்தப் பக்கமும் சாயாத எழுத்துன்னு சொல்வீங்களே பெயின்டர். அதுல எம்பேர எழுதுனா, பேரும் சாயாம இருக்குமா?” நான் ஏணியிலிருந்து இறங்கிவிட்டேன். அவரிடம் பொய் சொல்ல மனம் வரவில்லை. எழுத்து பேசாமல் இருக்கும், பெயர் பேசிவிடும், அதற்கு என் கையில் வைத்தியம் இல்லை என்றேன். எதிர்க் கடைக்காரர் ஒருவர் வந்து, முடி வெட்டுவீர்களா என்று சிங்களத்தில் கேட்டு, உள்ளே போய் உட்கார்ந்தார். மருதமுத்து எழுந்து துணியை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். உள்ளே போகிற வழியில், பலகையைப் பார்க்காமலே என்னிடம் சொன்னார்: “பேரையும் எழுதிடுங்க. பேரு இல்லாத கடையில எவன் கழுத்த நீட்டுவான்?”

இத்தனை வருஷத்தில் நான் எழுதியதை வாசித்தவர்கள் எத்தனையோ ஆயிரம் பேர் இருப்பார்கள், அதைப் பற்றி நான் மறக்க முடியாதபடி வாய் திறந்தவர்கள் இந்த ஏழு பேர்தான், அவர்களிலும் நல்லாத்தான் இருக்கு என்று சொன்ன ஒரே ஒருவர் நான் தப்பாகப் போட்ட எழுத்தைத்தான் சொன்னார்.